முழு இலைத் தேயிலையைக் கொதிக்கவிடலாமா?

புதுக்கோப்பை எழுதியது:

இத்தனை ஆண்டுகளாகத் தேயிலைத்தூளைத் தவிர வேறெதையும் அறியாமல் தேநீர் குடித்து வந்தவன் நான். அண்மையில் நண்பர் ஒருவர் முழு இலைக் கருந்தேயிலை ஒரு டப்பா பரிசளித்தார். திறந்து பார்த்தால், கறுத்து முறுக்கிக்கொண்ட நீளமான இலைகளும் அவற்றுக்கு நடுவே அங்கங்கே பொன்னிற நுனிகளும் கிடந்தன. தூளுக்கு என்ன செய்வேனோ அதையே இதற்கும் செய்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு தேக்கரண்டி இலையைப் போட்டு, ஐந்து நிமிடம் அடுப்பிலேயே விட்டு, பிறகு வடிகட்டினேன். கிடைத்தது நிறத்தில் மெலிந்ததும் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு உடையதுமான ஒரு கஷாயம். மறுநாள் பயந்துபோய் ஒரே நிமிடத்தில் இறக்கிவிட்டேன். வெந்நீருக்கு டப்பாவைக் காட்டி எடுத்ததுபோல் இருந்தது.

டப்பாவை மூடி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வடிகட்டியைக் கழுவப் போனபோது அதில் கிடந்தவை என்னை நிறுத்திவிட்டன. காம்போடும் நரம்போடும், ஓரத்துப் பற்கள்கூடத் தெரியும்படி, செடியிலிருந்து அப்போதுதான் கிள்ளியவைபோல் இலைகள் விரிந்திருந்தன. இவ்வளவு அழகான ஒன்றிலிருந்து இவ்வளவு மோசமான பானம் வருகிறதென்றால் குற்றம் இலையினுடையதாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது. எவ்வளவு இலை, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

கொழுந்து எழுதியது:

தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் முதலில் உங்கள் தேக்கரண்டியைக் குறை சொல்கிறேன். தூள் கரண்டியில் அடர்ந்து அமர்ந்துகொள்ளும். நீண்ட இலையோ தனக்குள் காற்றை வைத்துக்கொண்டு குவிந்து நிற்கும். பார்வைக்கு ஒரே அளவாகத் தெரிந்தாலும், முழு இலை ஒரு கரண்டி என்பது தூளின் பாதி எடைகூட இருக்காது. ஆகவே நீங்கள் போட்ட இலை குறைவு, கொதிக்கவிட்ட நேரம் அதிகம். நிறம் வராமல் துவர்ப்பு மட்டும் வந்ததற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம். சமையலறை எடைக்கருவி இருந்தால் 200 மில்லிலிட்டர் நீருக்கு 3 கிராம் என்று தொடங்குங்கள். நீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலை இருக்கும் பாத்திரத்தில் ஊற்றி, மூடி வைத்து, மூன்று நிமிடம் கழித்து முழுவதுமாக வடித்துவிடுங்கள். இலையை நீரிலேயே விட்டுவிட்டு மேலாக ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டால், மீதி நீங்கள் திரும்பி வருவதற்குள் கஷாயமாகிவிடும்.

தூளும் முழு இலையும் வேறு வேறு செடிகளிலிருந்து வருபவை அல்ல. கமீலியா சினென்சிஸ் என்ற ஒரே இனத்தின் கொழுந்திலிருந்துதான் எல்லாத் தேயிலையும் வருகிறது. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து, உலர்த்திய பிறகு சலிக்கும்போது மேலே நிற்பது முழு இலை, அடுத்து உடைந்த இலை, அதற்கும் கீழே ஃபேனிங்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் டஸ்ட். இது ஆர்த்தடாக்ஸ் முறை. 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. முறையோ, பற்கள் கொண்ட உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சிறு மணிகளாகச் சுருட்டிவிடுகிறது. மணி எவ்வளவு சிறியதோ நீர் படும் பரப்பு அவ்வளவு அதிகம் என்பதால், நிறமும் காரமும் துவர்ப்பும் ஒரு நிமிடத்திலேயே கோப்பைக்கு வந்துவிடுகின்றன. அந்த வேலைக்கு அதுவே சரியான இலை; அதில் எனக்கு எந்த இளக்காரமும் இல்லை. முழு இலை தன்னிடம் உள்ளதைத் தவணை முறையில்தான் தரும். முறுக்கு அவிழ வேண்டும், நீர் உள்ளே புக வேண்டும், பிறகுதான் மணம் வெளியே வரும்.

உங்கள் டப்பாவின்மேல் ஆரஞ்சு பீக்கோ என்று எழுதியிருந்தால் ஆரஞ்சு மணத்தைத் தேட வேண்டாம். அது இலையின் அளவைக் குறிக்கும் பெயர். பீக்கோ என்பது இளங்கொழுந்தின்மேல் இருக்கும் வெண்ணிறப் பூமயிரைக் குறிக்கும் சீன வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது. நீங்கள் பார்த்த பொன்னிற நுனிகளும் அந்தப் பூமயிர் படர்ந்த மொட்டுகள்தான்; பதப்படுத்தும்போது இலைச்சாறு பட்டு நிறம் மாறியவை.

சந்தேகி எழுதியது:

எடைக்கருவி, நிமிடக் கணக்கு, மூடி என்று இப்போதே மூன்று சேர்ந்துவிட்டன. இனி வெப்பமானி வரும், பிறகு களிமண் கெண்டி வரும், கடைசியில் தேநீர் குடிக்க ஒரு தனி அறை தேவைப்படும். தேநீரைத் தர ஒப்பீட்டுக்காகத் தயாரிப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்ற பன்னாட்டுத் தரநிலை 1980இல் வெளியாகியிருக்கிறது. நூறு மில்லிலிட்டருக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம் என்று அதில் தெளிவாக உள்ளது. அந்த முறையில் கருந்தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. உலகத்தின் சுவை வல்லுநர்களுக்கு ஆறு நிமிடக் கொதிநீர் போதுமென்றால் நமக்கு மட்டும் ஏன் இத்தனை சடங்கு? இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரநிலைக்கு, தேநீர் தயாரிக்க ஆறு பக்கம் எழுதியதற்காக, 1999இல் நகைச்சுவை நோபலான இக் நோபல் பரிசே கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

கொழுந்து எழுதியது:

அந்த ஆறு நிமிடக் கோப்பையை ஆயிரக்கணக்கில் உறிஞ்சித் துப்பியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அது குடிப்பதற்கான முறை அல்ல. தேயிலையில் உள்ள குறைகளை, புகை வாடையோ, ஈரம் பட்ட வாடையோ, அதிகம் காய்ந்த கருகலோ எதுவானாலும் ஒளிய இடமில்லாமல் வெளியே இழுத்துப் போடுவதற்காக வேண்டுமென்றே கடுமையாக்கப்பட்ட விசாரணை அது. எல்லா மாதிரிகளுக்கும் ஒரே விதி இருந்தால்தான் ஒப்பிட முடியும். நல்ல தேநீர் எப்படிச் செய்வது என்று அந்தத் தரநிலையே உரிமை கோரவில்லை.

நிதானம் எழுதியது:

சந்தேகியின் கேலியில் பாதி நியாயம் உண்டு. நானும் தொடக்கத்தில் பாத்திரங்கள் சேர்த்து ஏமாந்தவன்தான். உண்மையில் தேவைப்படுபவை மூன்று: இலை விரிய இடமுள்ள ஒரு பாத்திரம், அதற்கு ஒரு மூடி, நேரத்தைப் பார்க்க ஒரு கடிகாரம். சங்கிலியில் தொங்கும் உருண்டை வடிகட்டியை மட்டும் வாங்க வேண்டாம். உலர்ந்த இலை ஊறினால் பல மடங்கு பருக்கும். அந்த உருண்டைக்குள் அது நெரிசலில் சிக்கிக்கொள்ள, வெளியே இருக்கும் இலை மட்டும் நீரைப் பார்க்கும், நடுவில் இருப்பது பாதி காய்ந்தே கிடக்கும். கோப்பையின் அடிவரை இறங்கும் கூடை வடிகட்டி போதும். அதுவும் இல்லையென்றால் இலையைத் தளர்வாக ஒரு பாத்திரத்தில் போட்டு, சாதாரண வடிகட்டியால் இன்னொன்றுக்கு வடித்துக்கொள்ளலாம்.

இனி முழு இலையின் உண்மையான இன்பத்தைச் சொல்லிவிடுகிறேன், அது ஒரு கோப்பையோடு முடிவதில்லை. ஒரே இலையை மீண்டும் மீண்டும் ஊறவைக்கலாம். (ஊறல் என்று எழுத நினைத்தேன், அந்தச் சொல்லைக் கேட்டால் காவல்துறைச் செய்தி நினைவுக்கு வருபவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.) சீனர்கள் கைவான் என்று சொல்லும், மூடியும் தட்டும் கொண்ட கோப்பை நூறு மில்லிலிட்டர் அளவுதான் இருக்கும். அதில் ஐந்து கிராம் ஊலாங் இலையைப் போட்டு, கொதி அடங்கிய நீரை ஊற்றி, பதினைந்து இருபது வினாடியில் வடித்துவிடுவேன். ஊலாங் என்பது பச்சைக்கும் கருப்புக்கும் நடுவே, ஆக்சிஜனேற்றம் பாதியில் நிறுத்தப்பட்ட வகை. சிறு உருண்டைகளாகச் சுருட்டப்பட்ட இலை முதல் ஊறலில் அசைவதே இல்லை. மேலே ஒரு மடிப்பு மட்டும் தளரும். இரண்டாவதில் மூடியைத் திறந்து அதன் அடிப்புறத்தை முகர்ந்தால் பூவின் மணம். மூன்றாவதில் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிந்து, மூடி சரியாக உட்காராத அளவுக்குக் கோப்பையை நிறைத்துவிடும். அந்த மூன்றாவது, நான்காவது கோப்பைகளுக்காகத்தான் முதல் இரண்டையும் குடிக்கிறேன் என்றே சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் சில வினாடிகள் கூட்டிக்கொண்டே போனால் ஆறு ஏழு கோப்பை வரை தாங்கும். தூளில் இரண்டாவது கோப்பை என்ற பேச்சுக்கே இடமில்லை.

புதுக்கோப்பை எழுதியது:

கொழுந்து சொன்னபடியே செய்து பார்த்தேன். 3 கிராம் என்பது என் கரண்டியில் இரண்டரைக் கரண்டி வந்தது. அதைக் கண்டே திகைத்தேன். மூன்று நிமிடத்தில் செம்பொன் நிறத்தில் இறங்கியது. துவர்ப்பு இருந்தது, ஆனால் அது பற்களுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பிடிப்பாக நின்று, விழுங்கிய பிறகு இனிப்பாக மாறியது. இதே டப்பாவிலா இது இருந்தது என்று இரண்டு முறை பார்த்தேன். அதே இலையில் மீண்டும் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்ததில் இரண்டாவது கோப்பையும் நன்றாகவே வந்தது; மூன்றாவது வெறும் நிறம்.

இரண்டு ஐயங்கள். அந்தக் கோப்பையை மறந்து சிறிது நேரம் மேசைமேல் வைத்துவிட்டேன். மேலே எண்ணெய்போல் மினுமினுக்கும் ஓர் ஏடு படிந்து, கோப்பையின் ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொண்டது. இலையில் ஏதாவது கலப்படமா? அடுத்து, பச்சைத் தேயிலை வாங்கினால் இதே முறைதானா?

நீர்மட்டம் எழுதியது:

கலப்படம் இல்லை, உங்கள் தண்ணீர்தான் காரணம். கடினநீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் துணைநிற்க, தேநீரின் பாலிஃபீனால்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து அந்த ஏட்டை உண்டாக்குகின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் ஸ்பைரோவும் உடன் ஆய்வாளரும் 1993இல் இதை விளக்கி எழுதினார்கள். மென்னீரில் ஏடு தோன்றாது. கடினநீரிலும் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் தோன்றாது. அதனால் தீங்கு எதுவுமில்லை, ஆனால் மணம் மங்கிவிடும், நிறம் கலங்கும். வடிகட்டிக் கடினத்தன்மை குறைத்த நீரில் ஒரு கோப்பையும் குழாய்நீரில் ஒரு கோப்பையும் அருகருகே போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில், இலையை மாற்றுவதைவிடத் தண்ணீரை மாற்றியதில்தான் பெரிய வேறுபாடு தெரிந்தது. அதற்காக முற்றிலும் தாது நீக்கிய நீருக்குப் போக வேண்டாம். அதில் தேநீர் தட்டையாக, உயிரில்லாமல் இருக்கும். எட்டாம் நூற்றாண்டிலேயே, தேநீரைப் பற்றி நூல் எழுதிய சீனத்து லூ யூ, மலைநீர் முதல்தரம், ஆற்றுநீர் அடுத்தது, கிணற்றுநீர் கடைசி என்று வரிசைப்படுத்தி வைத்துவிட்டார்.

உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அங்கே கருந்தேயிலைக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

நிதானம் எழுதியது:

பச்சைத் தேயிலைக்கு அதே முறை கூடாது. புதுக்கோப்பைக்கு இங்கேதான் முதல் தோல்வி மறுபடியும் நேரும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இலையில் துவர்ப்பையும் கசப்பையும் தரும் கேட்டச்சின்கள் நீரின் சூடு ஏற ஏற வேகமாகக் கரைகின்றன. இனிமையும் குழம்புபோன்ற நிறைவும் தரும் தியானின் முதலிய அமினோ அமிலங்களோ குறைந்த சூட்டிலேயே எளிதாகக் கரைந்துவிடும். கருந்தேயிலையில் கேட்டச்சின்களின் பெரும்பகுதி ஆக்சிஜனேற்றத்தில் வேறு பொருள்களாக மாறிவிட்டதால் அது கொதிநீரைத் தாங்குகிறது. பச்சைத் தேயிலையில் அவை அப்படியே இருக்கின்றன. ஆகவே 70 முதல் 80 பாகை, இரண்டு நிமிடம். ஜப்பானியர்கள் பறிப்பதற்கு முன் மூன்று வாரம்போல் நிழலில் வளர்க்கும் கியோகுரோ இலைக்கு 50, 60 பாகையே போதும். நிழலில் தியானின் குறையாமல் இலையில் தங்கிவிடுகிறது. அந்தச் செல்வத்தைக் கொதிநீர் ஊற்றிக் கசப்பில் மூழ்கடிப்பதில் பொருளில்லை.

வெப்பமானி தேவையில்லை என்று சந்தேகிக்கு ஆறுதல் சொல்லிவிடுகிறேன். கொதித்த நீரை அறைச் சூட்டிலுள்ள ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 பாகை குறையும். இரண்டு முறை மாற்றினால் பச்சைத் தேயிலைக்கான நீர் தயார். அடுப்பில் பார்த்தே சொல்வதென்றாலும் வழி உண்டு: பாத்திரத்தின் அடியில் மீன்கண் போன்ற குமிழிகள், அடுத்து ஓரங்களில் முத்துச்சரம் போன்ற குமிழிகள், அதன்பின் அலையடிக்கும் கொதிப்பு. இந்த மூன்று நிலைகளையும் லூ யூவே எழுதி வைத்திருக்கிறார். மீன்கண் தெரியும் வேளையில் இறக்கினால் பச்சைத் தேயிலைக்குப் பெரும்பாலும் தப்பாது.

சந்தேகி எழுதியது:

பாத்திரம் மாற்றும் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பச்சையும் கருப்பும் ஒரே செடி என்று கொழுந்து சொன்னதை இன்னும் நம்ப முடியவில்லை. இரண்டுக்கும் சுவையில் உறவே இல்லையே! இன்னொன்று: முதல் முப்பது வினாடி ஊற்றிக் கொட்டிவிட்டால் கஃபீன் போய்விடும், இரவிலும் குடிக்கலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது உண்மையா?

கொழுந்து எழுதியது:

உங்களுக்கு முன் ஐரோப்பா முழுவதும் அப்படித்தான் ஐயப்பட்டது. தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ்கூட இரண்டையும் வெவ்வேறு இனம் என்றே பிரித்து எழுதினார். 1840களில் சீனத்துக்குள் சென்ற ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவரவியலாளர்தான் ஒரே செடியிலிருந்து இரண்டும் வருவதை நேரில் பார்த்து எழுதினார். ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்குப் பிரஷ்ய நீலம் என்ற சாயமும் ஜிப்சமும் பூசி நிறமேற்றியதையும் அவரே பார்த்தார். பறித்தவுடன் சூடுகாட்டி நொதிகளைச் செயலிழக்கச் செய்தால் பச்சை. உருட்டிக் காற்றுப்பட விட்டால் கருப்பு. அவ்வளவுதான் வேறுபாடு. இதை நொதித்தல் என்று எங்கள் தொழிலிலேயே பலர் சொல்வார்கள். நடப்பது ஆக்சிஜனேற்றம், நறுக்கிய ஆப்பிள் பழுப்பதுபோல.

கஃபீன் பற்றிய பேச்சு பொய். முப்பது வினாடியில் அதன் சிறு பகுதிதான் வெளியேறும், முழு இலையிலோ இன்னும் குறைவு. பெரும்பகுதி வெளியேறப் பல நிமிடம் ஆகும். அதற்குள் மணமும் போய்விடும். உறக்கம் கெடுகிறவர்கள் மாலைக்குப் பிறகு குடிக்காமல் இருப்பதே வழி.

தேயிலையின் சுவை எங்கெங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று. டார்ஜீலிங்கில் இரண்டாம் பருவத்து இலைக்கு உரிய, கனிந்த திராட்சையை நினைவூட்டும் மஸ்கட்டல் மணத்துக்குப் பச்சைத் தத்துப்பூச்சியும் ஒரு காரணம். பூச்சி கொழுந்தின் சாற்றை உறிஞ்ச, செடி தற்காப்புக்காக மணப்பொருள்களைச் சுரக்கிறது; பறித்துப் பதப்படுத்தியபின் அவை தேனும் கனியுமாக வெளிப்படுகின்றன. தைவானின் ஓரியண்டல் பியூட்டி ஊலாங்கும் அப்படி உருவானதே. மற்ற பயிர்களில் பூச்சி கடித்தது கழிவு. இங்கே அதற்குத்தான் கிராக்கி.

புதுக்கோப்பை எழுதியது:

பச்சைத் தேயிலை வாங்கினேன். முதல் முறை நீரைச் சரியாக ஆற வைத்துவிட்டு, ஊற்றிய பிறகு தொலைபேசி வந்ததால் ஏழு நிமிடம் பேசிவிட்டேன். குடித்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். இரண்டாம் முறை இரண்டு நிமிடத்தில் வடித்தேன். வெளிர்பச்சை நீர், வேகவைத்த பச்சைப்பயற்றின் நீரில் வருவதுபோன்ற ஒரு மணம், தொண்டையில் சிறு இனிப்பு. பிடித்திருக்கிறது என்று இன்னும் துணிந்து சொல்ல மாட்டேன்; ஆனால் நேற்று மூன்று கோப்பை குடித்தேன்.

இந்த இலை எத்தனை நாள் தாங்கும்? அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில், கண்ணாடிப் புட்டியில் வைத்திருக்கிறேன்.

நிதானம் எழுதியது:

உடனே இறக்கி விடுங்கள். வெளிச்சம், காற்று, ஈரம், சூடு, பிற மணம் ஆகிய ஐந்தும் தேயிலைக்குப் பகை. உங்கள் புட்டி ஒரே இடத்தில் பலவற்றைச் சம்பாதித்திருக்கிறது. இலை அருகிலுள்ள மணத்தை அப்படியே உறிஞ்சும். மல்லிகைத் தேநீரே அந்தக் குணத்தால் செய்யப்படுவது. மலரும் மொட்டுகளை இரவெல்லாம் இலையோடு கலந்து வைத்துப் பிறகு பிரித்தெடுப்பார்கள். ஒளிபுகாத, இறுக மூடும் டப்பாவில், மசாலாப் பொருள்களிலிருந்து விலக்கி வையுங்கள். பச்சையைச் சில மாதங்களுக்குள் குடித்துவிடுவது நல்லது. கருப்பு ஓராண்டு, இரண்டாண்டு பொறுக்கும். ஆண்டுக்கணக்கில் வைத்து முதிரவிட்டுக் குடிக்கும் பூ-அர் வேறு உலகம். அதைத் தனி இழையில் பேசலாம்.

வெயில் நேரத்தில் அடுப்பே வேண்டாமென்றால், ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீருக்குப் பத்து கிராம் பச்சைத் தேயிலையைப் போட்டு இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் வடியுங்கள். குளிர்நீரில் துவர்ப்பு அதிகம் கரையாது என்பதால் தொலைபேசி எவ்வளவு நேரம் வந்தாலும் கெடுதல் இல்லை.

சந்தேகி எழுதியது:

எடைக்கருவி வாங்கிவிட்டேன் என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். 3 கிராம், 200 மில்லிலிட்டர், மூடி போட்ட பாத்திரம். மூன்று நிமிடக் கோப்பையையும் ஆறு நிமிடக் கோப்பையையும் அருகருகே வைத்து, எது எது என்று எனக்குத் தெரியாதபடி வீட்டாரைக் கொண்டு மாற்றி வைக்கச் சொல்லிக் குடித்தேன். ஐந்து முறையும் சரியாகக் கண்டுபிடித்தேன். மணம் மூன்று நிமிடத்தில்தான் நன்றாக இருந்தது. ஆனாலும் ஆறு நிமிடக் கோப்பையைத்தான் காலி செய்தேன். எனக்கு அந்தக் கடுமை வேண்டியிருக்கிறது. வடித்த இலையை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரே காம்பில் நிற்பவை பதினொன்று இருந்தன.